பதினெட்டு நாள்

இருதயராஜுக்கு மூன்று மாதச் சம்பளப் பாக்கி.
ஏஜென்சிக்காரர் கணக்கை முடித்தது
பதினோரு கேஸ் பாட்டிலில்.
தேதி முடியப் பதினெட்டு நாள் இருந்தது.
எலத்தகிரி வீட்டில் எல்லாவற்றையும் இறக்கிவிட்டு
லோடு வண்டியின் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தவர்
பிள்ளைகளிடம் சொன்னார், குடியுங்கள்.
இரண்டு நாள் குடித்தார்கள்.
மூன்றாம் நாள் சின்னவன் தண்ணீர் கேட்டான்.

எனக்குத் தள்ளுவண்டிக் கடை.
டோல்கேட் தாண்டி சர்வீஸ் ரோட்டில்,
இரண்டு பர்னர், ஒரு டியூப் லைட்,
பெங்களூர் பஸ்கள் ஓயும்வரை வியாபாரம்.

கறுப்பைத்தான் முதலில் வாணலியில் ஊற்றினேன்.
பொங்கியது. பயந்து பின்வாங்கியது.
கேஸெல்லாம் அவசரமாக வெளியேறியபின்
வெறும் கறுந்தண்ணீர்
என்ன செய்யப்போகிறாய் என்று என்னைப் பார்த்தது.
தீயைக் குறைக்கவில்லை நான்.
தட்டிய பூண்டு, இஞ்சி, நாலு மிளகாய் வற்றல்,
கைப்பிடி சின்ன வெங்காயம், உப்பு.
ஒன்றேகால் லிட்டர்
மூன்று கரண்டியாகச் சுண்டிவந்த நேரம்
குமிழிகள் பெருத்துச் சோம்பேறியாகி
தொழுவத்து எருமை மூச்சு விடுவதுபோல்
ஒவ்வொன்றாக உடைந்தன.
விரலில் தொட்டு இழுத்தேன்.
கம்பிப் பதம்.
பாலக்கோட்டு வெல்லக் கொப்பரையில் வருகிற அதே பதம்,
ஒரு ஃபேக்டரியைச் சுற்றி வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

வெந்த பன்றிக்கறியை அதில் புரட்டினேன்.
புது வார்னிஷ் அடித்த கோயில் பெஞ்சு மாதிரி
ஒவ்வொரு துண்டும் டியூப் லைட்டைக் காட்டியது.
பத்து மணிக்குள் சட்டி காலி.

எல்லாம் சரியாக வந்தது என்று சொல்லமாட்டேன்.
எலுமிச்சைப் பச்சை முற்றிக் கசந்தது,
ரோட்டு நாய் மோந்துவிட்டு நடையைக் கட்டியது.
ஆரஞ்சு, சோயாவும் வினிகரும் சேர்ந்தால்தான்
கோழி இறக்கைக்கு வழிக்கு வரும்.
சர்க்கரையே இல்லாத பாட்டில் ஒன்று இருந்தது.
அரை மணி நேரம் கொதித்தது,
அடியில் ஒரு கறையை வைத்துவிட்டுப் போய்ச்சேர்ந்தது.
இல்லாததை எத்தனை சுண்டவைத்தாலும் பாகாகாது,
என் பாக்கியும் அப்படித்தான் என்றார் இருதயராஜ்
வெங்காயம் உரித்துக்கொண்டே.
கண்ணீர் வெங்காயத்துக்கு என்று விட்டுவிட்டேன்.

கடைசி இரண்டு கேஸ் மாம்பழம்.
கிளிமூக்கு கிலோ நாலு ரூபாய்க்கும் போகாத வருடம் அது.
மிளகு, கடுகு, துளிப் புளி போட்டுக் காய்ச்சி
வறுத்த கோழிமேல் ஊற்றிக் கொடுத்த இரவில்
சந்தூர் சென்னகேசவன் வந்து உட்கார்ந்தார்,
கூழ் ஃபேக்டரி வாசலில்
டிராக்டர் வரிசையில் இரண்டு ராத்திரி தூங்காத கண்.
எலும்புவரை சப்பினார். என்ன போட்ட என்றார்.
சொன்னேன்.

பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் திருப்பினார்.
விலையைப் படித்தார்.
உதடு மட்டும் அசைந்தது,
எத்தனை பழத்துக்கு ஒரு பாட்டில் என்றோ
எத்தனை பாட்டிலுக்கு ஒரு மரம் என்றோ.
விடையைச் சொல்லவில்லை.
"இனிப்பு ஜாஸ்திம்மா" என்றார்.

எழுந்துபோய் டிராக்டரிலிருந்து
அரைப்பழுப்பாக ஒன்று எடுத்துவந்தார்.
தோலோடு துருவி வாணலியில் போட்டேன்.
பாகு சுருக்கென்று முகம் சுளித்துத் திரும்பியது.
இரண்டாவது தட்டுக்கும் காசை எண்ணி வைத்தார்,
வேண்டாம் என்றதைக் கேட்கவில்லை.

இன்று பதினேழாம் நாள்.
நாலு பாட்டில் மீதி.
சின்னவன் கறுப்புப் பாகில் தோசை தொட்டுத் தின்கிறான்.
பர்கூரில் வேறொரு ஏஜென்சிக்கு
வேலை கேட்டுக் கிளம்பினார் இருதயராஜ்.
சம்பளத்தைப் பணமாகவே பேசிவிடுங்கள் என்றேன்.
தெருமுனை திரும்புகிறவரை பார்த்திருந்துவிட்டு
கூப்பிட்டுச் சொன்னேன்:
கறுப்பு சும்மா கிடந்தால்
இரண்டு கேஸ்.